பறக்கவும் வேண்டும், பொறியியலும் வேண்டும் என்பவருக்கு

"ஏரோநாட்டிகல் படிச்சா பைலட் ஆயிடலாம்ல?" விமான ஆசை பிடித்த பிள்ளை இருக்கும் வீடுகளில், பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் தவறாமல் எழும் கேள்வி இது. ஆக முடியாது. பி.இ. ஏரோநாட்டிகல் என்பது பல்கலைக்கழகம் தரும் பட்டம். கமர்ஷியல் பைலட் லைசென்ஸ், அதாவது சி.பி.எல்., நாட்டின் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அமைப்பான டி.ஜி.சி.ஏ. தரும் உரிமம். நாலு வருஷம் படித்துத் தங்கப் பதக்கமே வாங்கினாலும், பறந்த மணிகளைக் குறிக்கும் லாக்புக்கில் ஒரு நிமிஷம்கூட ஏறாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஏ.எம்.இ. என்று மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. விமானத்தைப் பராமரித்து, "இது பறக்கத் தகுதியானது" என்று கையெழுத்துப் போடுபவருக்கான உரிமம் அது. டி.ஜி.சி.ஏ.வின் சி.ஏ.ஆர். 147 விதிப்படி அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் படித்து, சி.ஏ.ஆர். 66 மாட்யூல் தேர்வு ஒவ்வொன்றிலும் 75 சதவீதம் எடுத்து, கூடவே வேலை அனுபவமும் காட்டி வாங்க வேண்டும். மரியாதையான வேலைதான். ஆனால் இதையே "ஏரோநாட்டிகல் இன்ஜினியரிங்" என்று சொல்லி அட்மிஷன் போடும் இடங்கள் உண்டு. பணம் கட்டுவதற்கு முன்னால், முடிவில் கைக்கு வருவது பட்டமா, உரிமமா, வெறும் சான்றிதழா என்று கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

பறப்பதும் வேண்டும், பொறியியலும் வேண்டும் என்று உண்மையிலேயே நினைப்பவருக்கு நான் சொல்லும் வரிசை இது: முதலில் மெடிக்கல், பிறகு பட்டம், கடைசி வருஷத்தில் டி.ஜி.சி.ஏ. தேர்வுகள், அதன்பின் ஒரே மூச்சில் பறத்தல். வரிசை மாறினால் பணமோ காலமோ எங்கேயாவது ஒழுகும்.

மெடிக்கலிலிருந்து தொடங்குவோம். சி.பி.எல். வாங்க கிளாஸ் 1 மெடிக்கல் கட்டாயம். அதற்கு முந்தைய படி கிளாஸ் 2, டி.ஜி.சி.ஏ. பட்டியலில் உள்ள மருத்துவர் யாரிடமும் எடுக்கலாம். பலர் கிளாஸ் 2-ஐ மட்டும் வைத்துக்கொண்டு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, பாதிப் பணம் கட்டி, கணிசமாகப் பறந்த பிறகுதான் கிளாஸ் 1-க்குப் போகிறார்கள். காதிலோ இ.சி.ஜி.யிலோ நிறப்பார்வையிலோ ஒளிந்திருந்த குறை அங்கேதான் வெளியே வருகிறது. கண்ணாடி போடுவது தடையல்ல. கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணும் 6/9, இரண்டும் சேர்ந்து 6/6 பார்த்தால் தூரப்பார்வைக்குப் போதும். நிறப்பார்வை அப்படியல்ல. இஷிஹாரா புத்தகத்தின் புள்ளித் தாளில் எண் தெரியவில்லை என்றால் பயிற்சியாலோ கண்ணாடியாலோ அதைத் திருத்த முடியாது. இதைத் தெரிந்துகொள்ள டி.ஜி.சி.ஏ. வரை போக வேண்டியதில்லை, பக்கத்துக் கண் மருத்துவரிடம் இன்று மாலையே பார்த்துவிடலாம். உடல் எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை போன்றவற்றுக்குப் பெரும்பாலும் "டெம்பரரி அன்ஃபிட்" என்றுதான் வரும். சரிசெய்துகொண்டு திரும்பிப் போகலாம். ஆனால் பயிற்சிக்கு நடுவில் அப்படி வந்தால், கடன் வட்டி ஓடிக்கொண்டிருக்க, தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும்.

வட்டி என்றதும் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் சி.பி.எல். பயிற்சிச் செலவு இன்று 50 லட்சத்தை ஒட்டி நிற்கிறது. விடுதி, மறுதேர்வு, கூடுதல் மணிகள் என்று மேலே போகும். ஏர்லைனில் ஏ320 போன்ற விமானத்துக்கான டைப் ரேட்டிங், அதாவது அந்த வகை விமானத்தை ஓட்டும் தகுதி, தனிச் செலவு. 50 லட்சம் கடனுக்கு 11 சதவீத வட்டி என்றால் வருஷத்துக்கு ஐந்தரை லட்சம், மாதத்துக்குச் சுமார் 46,000 ரூபாய். மழையாலோ விமானப் பழுதாலோ பயிற்சி ஆறு மாதம் இழுத்தால் அதற்கான விலை இரண்டே முக்கால் லட்சம். வழக்கமான கல்விக்கடன் திட்டத்தில் ஏழரை லட்சத்துக்கு மேல் போனாலே சொத்து அடமானம் கேட்பார்கள். ஆகவே அடமானத்தில் இருப்பது பெரும்பாலும் வீடுதான் என்பதைக் குடும்பம் முழுக்கத் தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுவது நல்லது.

பட்டத்தை ஏன் முன்னால் வைக்கிறேன் என்றால், பறந்த மணிகளுக்குக் காலாவதி உண்டு. சி.பி.எல்.லுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், அதுவும் விண்ணப்பிக்கும் தேதிக்கு முந்தைய ஐந்தாண்டுக்குள். அதில் 100 மணி நேரம் தானே கமாண்டராக. 20 மணி நேரம் கிராஸ் கண்ட்ரி, அதாவது வேறிடத்துக்குப் பயணமாகப் பறத்தல். அதில் ஒரு பயணம் 300 கடல்மைலுக்குக் குறையாமல், இரண்டு வெவ்வேறு நிலையங்களில் இறங்கி முழுக்க நிறுத்தி எழுந்ததாக இருக்க வேண்டும். 10 மணி நேரம் இன்ஸ்ட்ருமெண்ட், அதாவது கருவிகளை மட்டும் பார்த்துப் பறத்தல், அதில் சிமுலேட்டர் ஐந்துக்கு மேல் செல்லாது. 5 மணி நேரம் இரவுப் பறத்தல், பத்து டேக்-ஆஃப், பத்து லேண்டிங். இரவு மணிகளும் கமாண்டர் மணிகளில் 15-உம் கடைசி ஆறு மாதத்துக்குள் பறந்ததாக இருக்க வேண்டும். கல்லூரி விடுமுறைகளில் கொஞ்சம் கொஞ்சமாகப் பறந்து சேர்க்கலாம் என்று நினைப்பவர்கள் இந்த ஆறு மாத விதியில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். சேர்த்ததில் ஒரு பகுதியைத் திரும்பப் பறக்க நேரும். அதோடு, நாலு மாதம் இடைவெளி விட்டு வருபவருக்கு லேண்டிங் கை மறந்துபோயிருக்கும்; முதல் சில மணிகள் பழையதை மீட்கவே போய்விடும்.

இதற்கு எதிர்வாதமும் வலுவானதுதான். ஏர்லைனில் எல்லாம் சீனியாரிட்டி. 18 வயதில் தொடங்கி 20-இல் உரிமம் வாங்கியவர், பட்டம் முடித்துவிட்டு வருபவரைவிட முன்னால்தான் நிற்பார். இயற்பியலும் கணிதமும் உள்ள பிளஸ் டூவே சி.பி.எல்.லுக்குப் போதும், பட்டம் தேவையில்லை. ஏர்லைன் பைலட் வேலை ஒன்றே குறி என்றால் நேராகப் போய்விடுங்கள். பொறியியலும் வேண்டும் என்பவருக்குத்தான் இந்தக் கட்டுரை.

எங்கே படிப்பது? தமிழ்நாட்டில் முதலில் வாயில் வரும் பெயர் குரோம்பேட்டை எம்.ஐ.டி.; 1949-இல் சி. ராஜம் தொடங்கியது, இப்போது அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ். டி.என்.இ.ஏ. கவுன்சிலிங்கில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்கான கட்-ஆஃப். சென்னை ஐ.ஐ.டி. ஏரோஸ்பேஸுக்கும், 2007-இல் திருவனந்தபுரத்தில் தொடங்கிய விண்வெளித் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமான ஐ.ஐ.எஸ்.டி.க்கும் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு மதிப்பெண் வேண்டும். இவை கிடைக்காவிட்டால், பெயருக்கு ஏரோநாட்டிகல் நடத்தும் கல்லூரியில் சேர்வதைவிட நல்ல கல்லூரியில் மெக்கானிக்கல் எடுத்துவிட்டு, கேட் (GATE) நுழைவுத் தேர்வில் ஏரோஸ்பேஸ் தாளை எழுதி முதுகலைக்குப் போவது மேல் என்பது என் கருத்து. ஒரு கல்லூரியை எடைபோட, அங்கே படிக்கும் மூன்றாம் வருஷ மாணவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: காற்றுச் சுரங்கத்தை (மாதிரியின் மேல் காற்றைச் செலுத்திச் சோதிக்கும் கருவி) இந்த செமஸ்டரில் எத்தனை நாள் ஓட்டினீர்கள்? பதிலில் எல்லாம் தெரிந்துவிடும்.

பாடத்திட்டத்துக்கு வெளியே செய்ய வேண்டியது ஒன்றுண்டு. ரிமோட் கண்ட்ரோல் விமானம் ஒன்றைத் தானே கணக்குப் போட்டு, தானே வெட்டி ஒட்டிப் பறக்கவிடுவது. கடையில் வாங்கிய கிட் அல்ல. இறக்கை நீளம் 120 செ.மீ., அகலம் 20 செ.மீ. என்று வையுங்கள், பரப்பு 0.24 சதுர மீட்டர். மொத்த எடை 1 கிலோ. உச்ச லிஃப்ட் கெழு (இறக்கையின் தூக்கும் திறனைக் காட்டும் எண்) 1.2 என்று எடுத்தால் ஸ்டால் வேகம், அதாவது அதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காத வேகம், விநாடிக்கு ஏறக்குறைய ஏழரை மீட்டர், மணிக்கு 27 கி.மீ. கையால் வீசி எறியும் வேகம் இதைத் தொடாது. ஆகவே கையிலிருந்து விடும்போதே மோட்டார் முழு வேகத்தில் ஓட வேண்டும். 2212 அளவு, 1000 கே.வி. (வோல்ட்டுக்கு நிமிஷத்துக்கு 1000 சுற்று) மோட்டார், 10 அங்குல புரொப்பெல்லர், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் இ.எஸ்.சி., மூன்று செல் 2200 எம்.ஏ.எச். லித்தியம் பாலிமர் பேட்டரி இதற்குத் தாங்கும்.

முதல் விமானம் பெரும்பாலும் முதல் பத்து விநாடியில் விழும். காரணம் பெரும்பாலும் எடைமையம்தான். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அகலத்தில் 25 முதல் 30 சதவீதத்துக்குள், அதாவது இங்கே 5 முதல் 6 செ.மீ. தூரத்தில் இருக்க வேண்டும். இறக்கைக்கு அடியில் இரண்டு விரலை அந்த இடத்தில் வைத்துத் தூக்கினால் மூக்கு லேசாகத் தாழ வேண்டும். வால் தாழ்ந்தால் பறக்கவிடாதீர்கள். முன்னால் கனம் அதிகமானால் மந்தமாகவாவது பறக்கும். பின்னால் அதிகமானால் மூக்கு எழும்பி, ஸ்டால் ஆகி, நீங்கள் ஸ்டிக்கைத் தள்ளுவதற்குள் கதை முடிந்துவிடும். பேட்டரியை முன்னால் தள்ளியே இதைச் சரிசெய்யலாம், ஈயக்கட்டி தேவையில்லை. அதனால்தான் பேட்டரிப் பெட்டியைக் கொஞ்சம் நீளமாக வெட்டச் சொல்வது. இரண்டாவது காரணம் அய்லரான், அதாவது விமானத்தைச் சாய்க்க இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை, தலைகீழாக வேலை செய்வது. ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது அய்லரான் மேலே போக வேண்டும். ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். பறக்கவிடும் முன் அரசின் ட்ரோன் இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் அந்த இடம் எந்த மண்டலம் என்று பார்ப்பது சட்டப்படி அவசியம். மீனம்பாக்கம் கூப்பிடு தூரத்தில் இருப்பதால் குரோம்பேட்டை மாணவர்கள்கூடத் தங்கள் மைதானத்தில் நினைத்தபடி பறக்கவிட முடியாது.

கடைசி வருஷத்தில் டி.ஜி.சி.ஏ. தேர்வுகள். முதலில் கம்ப்யூட்டர் எண், அதாவது தேர்வெழுத டி.ஜி.சி.ஏ. தரும் பதிவு எண், வாங்க வேண்டும். அதற்கு பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ சான்றிதழ்களை போர்டு சரிபார்த்துத் தர வேண்டும். பெயரில் இனிஷியல் ஒரு சான்றிதழில் முன்னால், இன்னொன்றில் பின்னால், பாஸ்போர்ட்டில் விரித்து எழுதியபடி என்று இருந்தால் இங்கேயே மாதக்கணக்கில் நிற்கும். நம்மூர்ப் பிள்ளைகளுக்கே உரிய தொல்லை இது. பட்டம் படிக்கும்போதே சரிசெய்துவிட வேண்டும். தாள்கள்: ஏர் ரெகுலேஷன், மெட்டியோராலஜி, நேவிகேஷன், டெக்னிகல் ஜெனரல், பயிற்சி விமானத்துக்கான டெக்னிகல் ஸ்பெசிஃபிக். தேர்ச்சிக்கு 70 சதவீதம், தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது. தனியாக ஆர்.டி.ஆர். என்னும் ரேடியோ தேர்வும் உண்டு. ஏரோஸ்பேஸ் படித்தவருக்கு டெக்னிகல் ஜெனரல் பாதி தெரிந்த பாடம். அவர்கள் தோற்பது ரெகுலேஷனில். சூத்திரத்திலிருந்து வருவிக்க முடியாது, மனப்பாடம்தான். பொறியாளருக்கு அது கொஞ்சம் கௌரவக் குறைச்சலாகத் தோன்றும்.

பயிற்சிப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது "உங்களிடம் எத்தனை விமானம்?" என்று கேட்காதீர்கள். பத்து என்பார்கள், பத்தும் ஹேங்கரில் நிற்கும். இன்று பறக்கும் நிலையில் எத்தனை, மாணவர் எத்தனை பேர், பயிற்றுநர் எத்தனை பேர், போன மாதம் மொத்தம் எத்தனை மணி நேரம் பறந்தது என்று கேளுங்கள். கடைசி எண்ணை மாணவர் எண்ணிக்கையால் வகுத்தால் உங்களுக்கு மாதம் எவ்வளவு கிடைக்கும் என்பது வந்துவிடும். 15 மணி என்றால் 200-க்குப் பதிமூன்று பதினாலு மாதம். 6 மணி என்றால் மூன்று வருஷத்தை நெருங்கும். பணத்தைத் தவணையாக, பறந்த மணிக்கு ஏற்பக் கட்டும்படி ஒப்பந்தம் கேளுங்கள். முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்டினால்தான் தள்ளுபடி என்றால் அந்தத் தள்ளுபடி வேண்டாம். அமேதி மாவட்டம் ஃபுர்சத்கஞ்சில் இருக்கும் அரசு விமானப் பயிற்சி நிறுவனமான ஐ.ஜி.ஆர்.யு.ஏ.வுக்கு நுழைவுத் தேர்வு உண்டு. அதை எழுதாமல் விடக்கூடாது. பறக்காமலே பேனாவால் லாக்புக்கில் ஏற்றிய மணிகளுக்கு இந்தத் தொழிலில் "பார்க்கர் பென் ஹவர்ஸ்" என்று கேலிப் பெயர். யாராவது அதை யோசனையாகச் சொன்னால் அந்தப் பள்ளியிலிருந்து வெளியே வந்துவிடுங்கள். 2011-இல் போலி மதிப்பெண் சான்றிதழால் உரிமம் வாங்கியதாகச் சிலர் கைதானார்கள், உரிமங்கள் ரத்தாயின.

படித்த பொறியியல் பறக்கும்போது எங்கே கைகொடுக்கும்? ஆரம்பமே செஸ்னா 172-இன் காலைச் சோதனையில். டேங்க் வடிகாலில் கொஞ்சம் எரிபொருள் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். இதன் எரிபொருளான 100எல்.எல். அவ்காஸ் நீல நிறம். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் நிறமில்லாத குமிழாக நிற்கும். மழைக்காலத்தில் தேய்ந்துபோன டேங்க் மூடி வழியே இறங்கிவிடும். மாதிரி முழுக்க நிறமற்று இருந்தால் நீலம் எங்கே என்று கேட்க வேண்டும். பிடித்தது முழுக்கத் தண்ணீராகவே இருக்கலாம், டேங்கில் ஜெட் எரிபொருளை ஊற்றியிருக்கலாம். பிறகு, புறப்படும் முன் இன்ஜினை ஓட்டிப் பார்க்கும் ரன்-அப்பில், 1800 ஆர்.பி.எம்.மில் மேக்னெட்டோ சோதனை; இன்ஜினுக்குத் தீப்பொறி தரும் மேக்னெட்டோ இரண்டு இருக்கும். 172எஸ்-இல் ஒரு மேக்னெட்டோவை அணைத்தால் வேகம் 150-க்கு மேல் குறையக்கூடாது, இரண்டுக்கும் வித்தியாசம் 50-க்கு மேல் போகக்கூடாது. கொஞ்சமும் குறையவில்லை என்றால் மாணவர் சந்தோஷப்படுவார். உண்மையில் அதுதான் ஆபத்து: அணைத்ததாக நினைத்த மேக்னெட்டோவின் தரைக் கம்பி அறுந்திருக்கலாம், சாவியைத் திருப்பி எடுத்த பிறகும் அது உயிரோடு இருக்கும், யாராவது புரொப்பெல்லரைக் கையால் நகர்த்தினால் இன்ஜின் உதைக்கும். ஒரு சுற்றுவரைபடம் வரைந்து படித்தவருக்கு இது ஒரே வரியில் புரியும்.

இன்னொன்று வெயில். சேலம் விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1000 அடி. அந்த உயரத்தில் தர வளிமண்டலத்தின், அதாவது கணக்குக்கு அடிப்படையாக வைத்துக்கொண்ட வளிமண்டலத்தின், வெப்பநிலை 13 டிகிரி. மதியம் 38 என்றால் 25 டிகிரி அதிகம். டிகிரிக்கு 120 அடி வீதம் 3000 அடி கூட்டினால் டென்சிட்டி ஆல்டிட்யூட் 4000 அடி. தரையில் நிற்கும்போதே இன்ஜினும் இறக்கையும் 4000 அடியில் இருப்பதாக நினைத்து வேலை செய்யும். காற்றடர்த்தி கடல்மட்டத்தின் தர அளவைவிட 11 சதவீதம் குறைவு. டயல் காட்டும் 55 நாட்டில்தான் (நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல் வேகம்) மூக்கைத் தூக்குவீர்கள், ஆனால் நிஜ வேகம் 58. இன்ஜின் சக்தியும் குறைந்திருப்பதால் ஓடுதூரம் கால் பங்குக்கு மேல் நீளும். சேலத்தின் நீண்ட ஓடுபாதையில் இது தெரியாது. சின்ன ஓடுபாதைக்கு கிராஸ் கண்ட்ரி போகும்போது தெரியும்.

திருப்பத்தில் ஸ்டால் வேகம் ஏறுவதும் அப்படித்தான். இறக்கையின் பின்விளிம்பில் உள்ள ஃபிளாப்பை இறக்காமல் 172எஸ் 48 நாட்டில் ஸ்டால் ஆகும். உயரம் இழக்காமல் 45 டிகிரி சாய்ந்தால் அது 57, 60 டிகிரி சாய்ந்தால் 68. இறங்கும்போது கடைசித் திருப்பத்தில் 70 நாட்டில் வருபவர், ஓடுபாதைக் கோட்டைத் தாண்டிவிட்டோம் என்று பதறி இன்னும் சாய்த்து ஸ்டிக்கை இழுத்தால் மீதம் இருப்பது இரண்டு நாட். கூடவே வாலில் உள்ள ரட்டரையும் அழுத்தினால் ஸ்பின், அதாவது சுழன்று விழுதல். ஆயிரம் அடிக்குக் கீழே அதிலிருந்து மீள உயரம் இருக்காது. லோடு ஃபேக்டரின் (இறக்கை தாங்கும் சுமை விமான எடையைப் போல் எத்தனை மடங்கு என்பது) வர்க்கமூலம் என்று தேர்வில் எழுதிய அதே சமன்பாடு இது. கோட்டைத் தாண்டினால் தாண்டட்டும், எழும்பி இன்னொரு சுற்று வாருங்கள்.

பறத்தல், பொறியியல் இரண்டையும் சம எடையில் கேட்கும் வேலை சோதனைப் பறத்தல். அதற்கான இந்தியப் பள்ளி பெங்களூரில், விமானங்களைச் சோதிக்கும் நிறுவனமான ஏ.எஸ்.டி.இ.யின் வளாகத்தில் விமானப்படை நடத்துவது. சோதனை விமானிகளோடு, எதை எப்படி அளப்பது என்று திட்டமிடும் ஃபிளைட் டெஸ்ட் இன்ஜினியர்களும் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். ககன்யானுக்குத் தேர்வான நால்வரும் சோதனை விமானிகள்; அவர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். 2025 ஜூனில் ஆக்ஸியம்-4 பயணமாக விண்வெளி நிலையம் சென்ற சுபான்ஷு சுக்லா, பெங்களூர் ஐ.ஐ.எஸ்.சி.யில் ஏரோஸ்பேஸ் எம்.டெக். படித்தவர்.

விமானப்படைக்கு பிளஸ் டூவோடு என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாதமி) வழி, பட்டத்தோடு ஏ.எஃப்.கேட். (விமானப்படைப் பொது நுழைவுத் தேர்வு) வழி. ஏ.எஃப்.கேட். பறக்கும் பிரிவுக்கு வயது 20 முதல் 24, டி.ஜி.சி.ஏ. சி.பி.எல். கையில் இருந்தால் 26 வரை. கடைசி வருஷ மாணவரும் விண்ணப்பிக்கலாம், பட்டத்தில் 60 சதவீதம் வேண்டும். எழுத்துத் தேர்வையும் எஸ்.எஸ்.பி. நேர்காணலையும் திரும்ப எழுதலாம், திரும்பப் போகலாம். ஆனால் சி.பி.எஸ்.எஸ். என்னும் விமானித் தகுதித் தேர்வில் ஒரு முறை தோற்றால் பறக்கும் பிரிவுக்கு மறுவாய்ப்பே இல்லை, என்.டி.ஏ.வுக்குப் போனபோது தோற்றிருந்தாலும் அப்படியே. கருவிகளின் டயலைப் பார்த்து விமானத்தின் நிலையைச் சொல்வது, கையும் காலும் சேர்ந்து இயங்கும் ஒருங்கிணைப்பு இரண்டும் அதில் சோதிக்கப்படும். டயல் படிப்பதற்குப் புத்தகமும் ஒரு சாதாரண சிமுலேட்டரும் போதும். பதினேழு வயதில் விளையாட்டாக ஒரு முயற்சி என்று போய் உட்காராமல், அந்தப் பயிற்சியை முடித்த பிறகு போகலாம்.